மலையகத்தில் பழைய மின்சாதனங்களை ஒப்படைக்கச் சரியான இடத்தைத் தேடுவது எப்படி?

பழுதான தொலைக்காட்சிப் பெட்டியொன்றை வீட்டை விட்டு வெளியேற்றுவது மலையகத்தில் கடினமான காரியமில்லை. பழைய இரும்பு வாங்குபவர் முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு மாதத்தில் ஒருமுறையாவது தேயிலைத் தோட்டத்து வீதியில் வருகிறார்; இஸ்தோப்பில் கிடப்பதைத் தூக்கிக் கொடுத்தால் கையில் கொஞ்சம் காசும் வருகிறது. கொடுத்த பெட்டி அதன் பின்னர் எங்கே போய்ச் சேருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு கொடுப்பதுதான் கடினம். தெரியாமல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் ஓடி ஓய்ந்த குழாய் டிவியை வாங்கியவர் அதை அப்படியே வண்டியில் ஏற்றவில்லை. எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்து, முதுகுப்புறத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். படக்குழாயின் ஒடுங்கிய கழுத்தை ஒரு கல்லால் தட்டினார். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்ட சத்தம் மேலே நின்ற எனக்கே கேட்டது. கழுத்தைச் சுற்றியிருந்த செப்புக் கம்பிச் சுருளை உருவிச் சாக்கில் போட்டுக்கொண்டு, மீதியைப் புல்லில் உருட்டிவிட்டார். ஏன் விட்டுப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, “கண்ணாடிக்கு யாரு சேர் காசு குடுப்பாங்க? செம்புக்குத்தான் வெல” என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவுமில்லை. விலையுள்ளதை எடுத்துக்கொண்டு விலையில்லாததை நிலத்தில் விட்டுச் செல்வதுதான் அந்தத் தொழிலின் கணக்கு. நாம் பார்க்கவேண்டியது, விலையில்லாததையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளும் இடம் எது என்பதைத்தான்.

பீலிக்கரையில் கிடந்த அந்தக் கண்ணாடி சாதாரணப் போத்தல் கண்ணாடியைப் போன்றதன்று. படக்குழாயின் பின்புறக் கூம்புப் பகுதியில், எக்ஸ் கதிரைத் தடுப்பதற்காக, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு ஈய ஒக்சைட் கலந்திருக்கும். அது நொறுங்கிக் கிடக்கும் மண்ணில் விளையாடுவது சிறு பிள்ளைகள்; ஈயம் கெடுப்பது அவர்களுடைய மூளை வளர்ச்சியைத்தான். அத்துடன் நாம் குடியிருப்பது ஆறுகள் பிறக்கும் இடத்தில். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கையாகி, அம்பத்தலையில் கொழும்பின் குடிநீராகின்றன; நானு ஓயாவும் கொத்மலை ஓயாவும் மகாவலிக்குப் போகின்றன. ஓடையோரத்தில் நாம் எறிவது ஊருக்குள்ளேயே தங்கிவிடுவதில்லை.

எவையெல்லாம் இலத்திரனியல் கழிவு?

மின்கம்பியிலோ பற்றரியிலோ இயங்கி, இனிப் பயன்படாது என்று ஆகிவிட்ட எந்தப் பொருளும் இந்தக் கணக்கில் வரும். நம் வீடுகளில் தேடிப் பார்த்தால் அது எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருக்கும். பழைய குழாய் டிவியின் தலைமீது புதிய தட்டை டிவியை வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. அங்கே பழையது மேசையாக மாறிவிட்டதால் அதைக் கழிவு என்று யாரும் நினைப்பதில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகளின் இணையவழிப் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கிய கைத்தொலைபேசிகள், 2022இல் ஒருநாள் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்ட காலத்தில் வாங்கிய சார்ஜ் விளக்குகள், கூரையிலிருந்து இறக்கிய டிஷ் அன்டெனாவோடு வந்த பெட்டிகள், ரிமோட்கள், சுருள் மின்குமிழ்கள், ரைஸ் குக்கர், பிளெண்டர், அறுந்த சார்ஜர் வயர்கள் எல்லாம் இதில் அடங்கும். என் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தபோது நான்கு பழைய போன்கள் கிடைத்தன. ஒன்றின் பற்றரி ஊதிப்போய், முதுகு மூடியைத் தானாகவே தள்ளித் திறந்திருந்தது.

உலக அளவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சேர்ந்த இலத்திரனியல் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என்றும், அதில் 22.3 சதவீதமே முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கு கூறுகிறது. எஞ்சிய பங்கில் நம் பிஸ்கட் டின்களும் அடங்கும்.

தேடலை எங்கிருந்து தொடங்குவது?

இலங்கையில் இந்த விடயத்துக்குப் பொறுப்பான நிறுவனம் மத்திய சுற்றாடல் அதிகாரசபை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இதன் தலைமையகம் பத்தரமுல்லையில் உள்ளது. 2008 பெப்ரவரி 1ஆம் திகதியிடப்பட்ட 1534/18ஆம் இலக்க வர்த்தமானியின்படி, இலத்திரனியல் கழிவு பட்டியலிடப்பட்ட கழிவுகளில் ஒன்று. அதைத் தொழிலாகச் சேகரிப்பதற்கும், ஏற்றிச் செல்வதற்கும், களஞ்சியப்படுத்துவதற்கும், மீள்சுழற்சி செய்வதற்கும் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே நாம் தேட வேண்டியது அந்த அனுமதிப்பத்திரம் உள்ள சேகரிப்பாளரை, அல்லது அவரிடம் பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடைநிலை இடமொன்றை. அனுமதி பெற்றவர்களின் பட்டியலை அதிகாரசபை தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள முகவரிகளில் மிகுதியானவை கொழும்பையும் கம்பஹாவையும் சுற்றியே இருப்பதைக் கண்டு மனம் தளர வேண்டாம். அவர்களில் சிலர் போதிய அளவு பொருள் சேர்ந்தால் தாமே வாகனம் அனுப்பி எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் நான் முதலில் போகச் சொல்வது இணையத்தளத்துக்கு அல்ல, பிரதேச செயலகத்துக்கு. அங்கே சுற்றாடல் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். காணிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் பிரதேச செயலகத்துக்கு நடையாய் நடக்கும் நம் மக்களில், அந்த மேசைக்குப் போனவர்கள் மிகச் சிலரே. மாவட்டத்தில் அடுத்த சேகரிப்பு நாள் எப்போது, எந்தப் பாடசாலையிலோ அரச அலுவலகத்திலோ பெட்டி வைத்திருக்கிறார்கள், எந்த நிறுவனத்தின் லொறி இந்தப் பக்கம் வருகிறது என்ற மூன்றையும் ஒரே இடத்தில் கேட்க முடிவது அவரிடம்தான். நேரில் போக முடியாதவர்கள் 1919 என்ற அரச தகவல் நிலைய எண்ணை அழைத்து, தமிழிலேயே பேசி, தம் மாவட்டத்துச் சுற்றாடல் அலுவலகத்தின் தொடர்பைக் கேட்டுப் பெறலாம்.

அடுத்து உள்ளூராட்சி மன்றம். நகரத்தில் இருப்பவர்களுக்கு, அதாவது கண்டி, நுவரெலியா, பதுளை, பண்டாரவளை மாநகர சபைகளிலும் ஹட்டன் டிக்கோயா, தலவாக்கலை லிந்துலை நகர சபைகளிலும் வரி கட்டுபவர்களுக்கு, குப்பை வண்டி எப்போதுமே பழக்கமான விடயம். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது; வாக்குக் கேட்டு வந்தவர்களே வென்ற பிறகு, “தோட்டத்து ரோட்டுக்குச் செலவு செய்யச் சட்டம் இடம் கொடுக்காது” என்று கைவிரித்த காலம் அது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு அம்பகமுவ பிரதேச சபை பிரிந்து நோர்வூட், மஸ்கெலியா சபைகளும், நுவரெலியா பிரதேச சபை பிரிந்து கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளும் உருவாயின. ஆகவே தோட்டத்துக்குள் வண்டி வராது என்று இன்றும் ஒருவர் சொன்னால், அதை வாய்மொழியாக ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாமல் எழுத்தில் கேளுங்கள். சபையிடம் இலத்திரனியல் கழிவுக்கென்று தனி ஏற்பாடு உள்ளதா, சேர்த்ததை எந்த அனுமதி பெற்ற நிறுவனத்திடம் கொடுக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டியது தகவல் அலுவலரின் கடமை. தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் பெறும் உரிமை நமக்கு உண்டு.

ஒரு விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வழக்கமான குப்பை வண்டியில் மரக்கறித் தோலோடு சேர்த்துப் பழைய போனையும் போட்டுவிட்டால் அது மீள்சுழற்சிக்குப் போகாது, குப்பைமேட்டுக்குத்தான் போகும். கண்டியின் கொஹாகொடைக் குப்பைமேடு மகாவலிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை அந்தப் பக்கம் போனவர்கள் அறிவார்கள்.

கைத்தொலைபேசி, சார்ஜர், பற்றரி, ரவுட்டர் போன்ற சிறு பொருட்களுக்கு இவ்வளவு அலைச்சல் தேவையில்லை. கைத்தொலைபேசிக் கழிவைச் சேகரிக்கும் திட்டத்தை டயலொக் தொலைபேசி நிறுவனம் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது, எஸ்.எல்.ரி. மொபிட்டெல் நிறுவனமும் இவ்வாறு சேகரிக்கிறது. எல்லாக் கிளைகளிலும் பெட்டி இருக்கும் என்று எண்ணிப் புறப்படாமல், போவதற்கு முன் நீங்கள் போகும் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தைக்கும் வங்கிக்கும் நகரத்துக்கு இறங்கும் நாளில் கைப்பையில் இரண்டு பழைய போன்களைப் போட்டுக்கொண்டு போவதற்குத் தனிச் செலவு எதுவுமில்லை.

தபாலகத்தையும் விசாரித்துப் பாருங்கள். 2020 ஒக்டோபரில் தபால் திணைக்களமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் இணைந்து, தபாலகங்களில் இலத்திரனியல் கழிவைப் பெற்றுக்கொள்ளும் வாரமொன்றை நடத்தின. தோட்டப் பகுதிகளுக்கு மிக அருகில் வந்துசேர்ந்த ஏற்பாடு என்று நான் கருதுவது அதைத்தான். ஒக்டோபர் 14 சர்வதேச இலத்திரனியல் கழிவு தினமாக இருப்பதால், அந்த மாதம் பிறந்ததும் தபால் அதிபரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.

பெரிய சாதனங்களுக்கு, புதியதை வாங்கும் கடையே சில வேளைகளில் வழியாகிவிடும். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் காலங்களைப் பெரிய வீட்டுப்பாவனைப் பொருள் நிறுவனங்கள் அவ்வப்போது அறிவிக்கின்றன. அப்படிக் கொடுக்கும்போது விலைக்கழிவு எவ்வளவு என்பதை மட்டும் கேட்டுவிட்டு நிற்காமல், பழையதை என்ன செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள். பழுது பார்த்து மறுபடி விற்கிறோம் என்று சொன்னால் அதுவும் நல்ல பதில்தான். தெரியாது என்று சொல்லும் கடையில், முகாமையாளரிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

வாகன பற்றரியின் கதை தனி. முச்சக்கர வண்டிக்கும் சோலருக்கும் பயன்படும் ஈயப் பற்றரியின் எடையில் பாதிக்கும் மேல் ஈயம்தான். ஆகவே அதற்கு எப்போதும் விலை உண்டு. புதிய பற்றரி வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துத் தருவார்கள். கொடுக்கும் வரை மூடியைத் திறக்காமல், அசிட்டை ஊற்றாமல், நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். பழைய இரும்புக்காரர் சிலர் அசிட்டை ஊற்றிவிட்டுத்தான் நிறுப்பார்கள். கானில், அதாவது வடிகாலில், ஊற்றும் அந்த நீர் கந்தக அமிலமும் கரைந்த ஈயமும் சேர்ந்தது.

பழைய இரும்பு வியாபாரியை நான் முற்றாக ஒதுக்கச் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டி, மின் அடுப்பு, காற்றாடியின் இரும்புக் கூடு, சாதாரண ரைஸ் குக்கரின் பாத்திரம் ஆகியவற்றில் உள்ளது பெரும்பாலும் உலோகமே. அவை அவரிடம் போய் உருக்கப்படுவதில் தவறில்லை. சர்க்கியூட் பலகை, பற்றரி, திரை, மின்குமிழ், குளிர்வாயு ஆகிய ஐந்தில் ஒன்று இருந்தால் மட்டும் அவரிடம் கொடுக்க வேண்டாம். இந்த ஒரு பிரிப்பை வீட்டில் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், பாதிச் சிக்கல் வாசலிலேயே தீர்ந்துவிடும்.

கையில் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

யாராவது “நாங்கள் மீள்சுழற்சி செய்பவர்கள்” என்று சொல்லிக்கொண்டு வந்தால், அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். அதில் பார்க்க வேண்டியது பெயரையும் முத்திரையையும் மட்டுமல்ல. சேகரிக்க மட்டும் அனுமதியா, மீள்சுழற்சிக்கும் அனுமதியா, எந்தெந்தக் கழிவுகள் அதில் எழுதப்பட்டுள்ளன, எந்தத் திகதி வரை செல்லுபடியாகும் என்பவற்றைப் பாருங்கள். பற்றரிக்கு மட்டும் அனுமதி பெற்றவர் டிவியை எடுக்க வந்தால் அந்த அனுமதி டிவிக்குப் பொருந்தாது.

பிறகு, பொருள் இங்கிருந்து எங்கே போகிறது என்று கேளுங்கள். நேர்மையான நிறுவனத்தார் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள்: இரும்பும் பிளாஸ்டிக்கும் உள்நாட்டில் பிரிக்கப்படும், சர்க்கியூட் பலகைகள் அவற்றிலிருந்து தங்கத்தையும் செம்பையும் பிரிக்கும் ஆலைகள் உள்ள வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் என்பது போன்ற பதில். அந்த ஏற்றுமதிக்கும் விதிமுறை உண்டு. அபாயகரமான கழிவுகளை நாட்டுக்கு நாடு கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் இலங்கை 1992இல் சேர்ந்தது. “அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்ற பதிலை நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. கடைசியாக, எத்தனை பொருள், எவ்வளவு எடை, யார் பெற்றுக்கொண்டார் என்று எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பாடசாலை, கோயில், தோட்ட அலுவலகம் ஆகியவற்றின் பெயரில் கொடுக்கும்போது இது கட்டாயம்.

காசு தருகிறார்களா என்பது பலருடைய முதல் கேள்வியாக இருக்கும். பழைய மடிக்கணினிக்கும் கணினிப் பலகைக்கும் ஓரளவு கிடைக்கலாம். குழாய் டிவிக்கும் மின்குமிழுக்கும் ஒன்றும் கிடைக்காது; அவற்றைப் பாதுகாப்பாக அழிப்பதற்குச் செலவுதான் ஆகும். யாராவது குழாய் டிவிக்கு நல்ல விலை பேசினால், அவர் எதற்கு விலை பேசுகிறார் என்பது பீலிக்கரையில் கிடந்த கண்ணாடியிலிருந்து உங்களுக்கு விளங்கும்.

வீட்டில் செய்ய வேண்டிய ஆயத்தம்

இதில் எல்லாவற்றுக்கும் மேலானது எதையும் உடைக்காமல், கழற்றாமல், முழுதாக வைத்திருப்பது. வயரை எரித்துச் செம்பு எடுக்கும் வேலையை எங்கள் பகுதியில் விடுமுறை நாட்களில் சிறுவர்களே செய்கிறார்கள்; பி.வி.சி. உறை எரியும்போது வரும் கரும்புகையில் டையொக்சின் இருக்கிறது. கிடைக்கும் காசு ஒரு பக்கெட் பிஸ்கட்டுக்குப் போதுமாக இருக்கலாம், மூச்சுக்குள் போனதை வெளியே எடுக்க முடியாது.

குழாய் டிவியைத் தூக்கும்போது கனமெல்லாம் திரைப் பக்கத்தில் இருக்கும் என்பதால், திரை நெஞ்சைப் பார்த்தபடி இருவர் பிடித்துத் தூக்க வேண்டும். வண்டியில் பழைய கம்பளியை விரித்து, அதன்மேல் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தால், பின்கழுத்து எதிலும் இடிபடாது. முதுகு மூடியைத் திறக்கவே கூடாது; மின்சாரத்திலிருந்து கழற்றிய பிறகும் உள்ளே உயர் அழுத்த மின்னேற்றம் தங்கியிருக்க முடியும்.

சுருள் மின்குமிழிலும் குழல் விளக்கிலும் பாதரசம் உண்டு. ஒரு சுருள் குமிழில் இருப்பது சில மில்லிகிராம்தான், ஆனாலும் அது ஆவியாகும். வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே பழையதைப் போட்டு வைத்தால் உடையாது. உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, சன்னலையும் கதவையும் திறந்து பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு, தும்புத்தடியால் பெருக்காமல், தடித்த அட்டைத் துண்டால் கூட்டி அள்ளி, நுண் துகள்களை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடுங்கள். லயத்துக் காம்பிராவில் சன்னல் சிறியது என்பதால் இந்தக் காத்திருப்பைக் குறைக்க வேண்டாம்.

ஊதிப்போன போன் பற்றரியைக் குத்தவோ, அழுத்தவோ, மறுபடி சார்ஜில் போடவோ கூடாது. நான் என் பிஸ்கட் டின்னில் கண்டதைக் காய்ந்த மணல் நிரப்பிய பழைய மண்சட்டியில் வைத்து, விறகுக் கொட்டிலுக்கு எட்டாத இடத்தில், மழை படாமல் வெளியே வைத்தேன். நல்ல நிலையில் உள்ள லிதியம் பற்றரிகளுக்கும் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசியில் சுற்றுங்கள். முனைகள் ஒன்றோடொன்று தொட்டால் தீப்பற்றக்கூடும். ஊதிய பற்றரியைப் பையில் வைத்துக்கொண்டு நெரிசலான பேருந்தில் ஏறுவதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு வண்டி வரும் நாள்வரை பொறுத்திருக்கலாம்.

குளிர்சாதனப் பெட்டியில் பின்புறச் செப்புக் குழாயை வெட்டினால் உள்ளேயுள்ள வாயு வெளியேறிவிடும். மிகப் பழைய பெட்டிகளில் உள்ள ஆர்-12 ஓசோன் படலத்தைக் கெடுப்பது. அதற்குப் பின் வந்த ஆர்-134ஏ புவியை வெப்பமாக்குவது. புதிய பெட்டிகளில் உள்ள ஆர்-600ஏ எளிதில் தீப்பற்றுவது. எந்த வாயு என்பது கம்பிரசரில் ஒட்டியுள்ள தகட்டில் எழுதியிருக்கும்.

கைத்தொலைபேசியைக் கொடுக்கும் முன் அதில் உள்ள உங்கள் வாழ்க்கையை வெளியே எடுத்துவிட வேண்டும். பிள்ளையின் பூப்புனித நீராட்டுப் படங்களும், வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய குரல் பதிவுகளும், வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளும் அதற்குள் இருக்கும். படங்களை வேறொரு போனுக்கோ மெமரி கார்டுக்கோ மாற்றி, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன் பிறகு அமைப்புகளுக்குள் போய் எல்லாத் தரவையும் அழித்து, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். கணக்கிலிருந்து வெளியேறாமல் அழித்தால் போன் அடுத்தவரிடம் பூட்டிக்கொள்ளக்கூடும். திருத்திப் பயன்படுத்தக்கூடிய போன் அதனாலேயே வீணாகிவிடும். திரை செத்துவிட்ட போனில் இவற்றைச் செய்ய முடியாது என்பதால், அதைத் தரவு அழிக்க வேண்டியது என்று எழுதிக் கொடுங்கள். கணினியாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கைத் திருத்துநரிடம் கழற்றி வாங்கி வைத்துக்கொள்வதே எளிய வழி.

தனியாக அல்ல, டிவிசனாக

ஒரு வீட்டு டிவிக்காகப் பத்தரமுல்லையிலிருந்து லொறி மலையேறாது. ஒரு டிவிசன், அதாவது தோட்டத்தின் ஒரு பிரிவு, முழுவதும் சேர்த்தால் ஏறும். எங்கள் பக்கத்தில் கோயில் கமிட்டியும் மாதர் சங்கமும் ஒன்றுகூடி முதலில் ஒரு பட்டியல் எடுத்தோம்: எந்த வீட்டில் என்ன இருக்கிறது, யாரால் தூக்கி வர முடியாது, எதில் ஊதிய பற்றரி உள்ளது என்று. பட்டியல் எடுக்கப் போன இளைஞரிடம் ஒரு பாட்டி, “இது ஓடாட்டியும் இருக்கட்டும் தம்பி, உங்க தாத்தா வாங்கினது” என்று தன் ரேடியோவைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதையும் பட்டியலில் எழுதினோம், “தருவதில்லை” என்று. கட்டாயப்படுத்தத் தேவையில்லை, அந்த ரேடியோவால் யாருக்கும் தீங்கில்லை.

பட்டியல் கையில் இருந்தால் கடிதம் எழுதுவது எளிது. பிரதேச சபைச் செயலாளருக்கு முகவரியிட்டு, பிரதேச செயலகத்துச் சுற்றாடல் உத்தியோகத்தருக்கும் தோட்ட முகாமையாளருக்கும் பிரதி அனுப்புங்கள். டிவிசனின் பெயர், குடும்பங்களின் எண்ணிக்கை, பொருட்களின் வகையும் எண்ணிக்கையும், உங்களுக்கு வசதியான மூன்று திகதிகள் ஆகியவற்றோடு, பலரும் மறந்துவிடும் ஒன்றையும் எழுதுங்கள்: லொறி எதுவரை வர முடியும் என்பதை. தோட்டத்துப் பாதையில் பாலம் தாங்காது, மழைக்காலத்தில் வளைவு வழுக்கும் என்று தெரியாமல் வந்த வாகனம் பாதி வழியில் திரும்பிவிட்டால், அடுத்த முறை அழைப்பது இருமடங்கு கடினம். தேயிலைத் தொழிற்சாலை வாசலையோ பிரதான வீதிச் சந்தியையோ சேகரிக்கும் இடமாகக் குறிப்பிடுங்கள். அங்கே வரை கொண்டு சேர்க்கக் கொழுந்து ஏற்றும் டிராக்டரைத் தோட்ட அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். அந்த நாள் வரும்வரை பொருட்களை மழை படாத, பிள்ளைகள் நுழையாத ஓர் அறையில் பூட்டி வைக்க வேண்டும். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பிராவின் பின்னறை காலியாக இருக்கிறது என்பதற்காக அங்கே வைக்கக் கூடாது.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து, முதல் கடிதத்தின் பிரதியோடு நேரில் போங்கள். நாங்கள் எழுதிய முதல் கடிதம் ஓர் அலுவலகத்தில் தவறான கோப்பில் கிடந்தது; நேரில் போன அன்றுதான் அது வெளியே வந்தது.

திகதியைத் தெரிவு செய்வதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. தோட்டங்களில் புதிய சாதனங்கள் மிகுதியாக வீடேறுவது தீபாவளி முற்பணம் கைக்கு வந்த பிறகுதான். நகரத்துக் கடைகள் தவணைமுறை விளம்பரங்களைத் தொங்கவிடுவதும் அப்போதுதான். தீபாவளி ஒக்டோபரிலோ நவம்பரிலோ வருவதால், ஒக்டோபர் 14ஐ ஒட்டி அரச அலுவலகங்கள் நடத்தும் சேகரிப்புகளோடும் அது பொருந்திவிடுகிறது. ஆகவே செப்டெம்பரிலேயே கடிதத்தை அனுப்பி, பண்டிகைக்கு அடுத்த வாரத்துக்கு லொறியைக் கேளுங்கள். புதிய டிவி பழையதன் தலைமீது ஏறி உட்காருவதற்குள் பட்டியல் எடுப்பவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.